கொரியர் அல்லாதாருள் முதல்வர் யார்?

பிறந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு காட்சியைக் காணலாம். பெரியவர்கள் உறங்கப் போயிருப்பார்கள். கல்லூரியில் பயிலும் பிள்ளையின் அறையில் மட்டும் விளக்கு எரியும். பரீட்சைக்குப் படிக்கிறது போலும் என்று தாயார் மகிழ்ச்சியோடு எட்டிப் பார்த்தால், திரையிலே விசித்திரமான போர் ஒன்று நடந்துகொண்டிருக்கும். பிள்ளை ஆடிக்கொண்டிருக்கவுமில்லை. எங்கோ ஒரு தேசத்தில் இருவர் ஆடுவதை மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்!

இந்தப் பிள்ளைகள் நாலு பேர் ஒன்றுகூடினால் வழக்காடும் பொருள்களுள் ஒன்று, "கொரியர் அல்லாத ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் யார்?" என்பது. முதன்முறை கேட்பவருக்கு இவ்வினா வியப்பளிக்கும். உலகில் தலைசிறந்தவர் யார் என்று கேட்பது இயல்பு. ஒரு சிறு நாட்டாரை மட்டும் விலக்கிவிட்டு, எஞ்சிய உலகத்தாருள் யார் சிறந்தவர் என்று கேட்பானேன்? அந்த விலக்குக்குள்ளே ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. அதனை நம் சங்க அன்பர்களின் முன் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. இ-ஸ்போர்ட்ஸ் என்று வழங்கும் இக்கணிப்பொறிப் போட்டிகள் 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் காட்சிப் போட்டியாக நடந்தன. 2023-இல் ஹாங்சோ விழாவில் பதக்கத்துக்குரிய போட்டிகளாகவே ஏற்கப்பட்டன. 2025-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, இவற்றை வேறாகப் பிரித்து ஏற்றுக்கொண்டது.

ஆட்டத்தின் இயல்பு

கணிப்பொறி ஆட்டங்கள் பல. அவற்றுள் குழுவாக ஆடுபவற்றில் தனி ஒருவரின் திறமையை நிறுத்துப் பார்ப்பது கடினம்; வெற்றியில் நால்வரின் பங்கு கலந்திருக்கும். ஆதலால் ஒருவரை ஒருவர் தனித்து எதிர்க்கும் ஸ்டார்கிராஃப்ட் என்னும் ஆட்டத்தையே இங்கு எடுத்துக்கொள்வோம். "கொரியர் அல்லாதார்" என்ற பேச்சு வேரூன்றியதும் பெரும்பாலும் இவ்வாட்டத்தில்தான்.

அமெரிக்க நிறுவனமான பிளிஸ்ஸார்டு 1998-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் இதனை வெளியிட்டது. இரண்டாம் பாகம் 2010 ஜூலையில் வந்தது. டெர்ரன், ஜெர்க், புரோட்டாஸ் என மூன்று இனங்கள். அவற்றுள் ஒன்றை ஆட்டக்காரர் தேர்ந்துகொள்வார். நிலத்திலிருந்து கனிமமும் வாயுவும் எடுத்துப் பொருள் சேர்க்க வேண்டும். பாசறை அமைக்க வேண்டும். படை திரட்ட வேண்டும். பகைவனை அழிக்க வேண்டும். சதுரங்கத்தில் எதிரியின் காய் முழுவதும் கண்முன் நிற்கும். இதிலோ பகைவனின் பக்கம் இருளில் மறைந்திருக்கும். ஒற்றனை அனுப்பித்தான் அவன் என்ன செய்கிறான் என்று அறிய முடியும். மேலும் சதுரங்கத்தைப் போல முறை மாற்றி ஆடுவதில்லை. இருவரும் ஒரே வேளையில் இடைவிடாது இயங்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு நிமிடத்தில் முந்நூறுக்கும் குறையாத கட்டளைகளை விரல்களால் இடுகிறார் என்றால், அவர் கைவேகத்தையும் கருத்தின் வேகத்தையும் ஊகித்துக்கொள்ளலாம்.

கொரியா முந்திய காரணம்

அமெரிக்காவில் பிறந்த ஆட்டம் கொரியாவில் வளர்ந்தது ஏன்? 1997-ஆம் ஆண்டில் தென்கொரியா பெரும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியது. வேலை இழந்தோர் பலர். அதே காலத்தில் அரசாங்கம் நாடெங்கும் அதிவேக இணையத் தொடர்பை விரிவுபடுத்த முற்பட்டது. தெருவுக்குத் தெரு "பீசீ பாங்" எனப்படும் கணிப்பொறி அறைகள் தோன்றின. சிறு கட்டணம் செலுத்தினால் மணிக்கணக்கில் அங்கு அமரலாம். கையில் காசில்லாத இளைஞர் கூட்டத்துக்கு அதைவிட மலிவான கேளிக்கை எது? ஸ்டார்கிராஃப்ட் அந்த வேளையில் வந்து சேர்ந்தது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 2000-ஆம் ஆண்டில் இத்தகைய ஆட்டங்களுக்கென்றே தனி அலைவரிசை தொடங்கியது. ஆட்டக்காரர்களுக்கெனச் சங்கமும் அமைந்தது. பெரிய வாணிக நிறுவனங்கள் அணிகளை ஆதரித்தன. அணியின் இளைஞர்கள் ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தனர். நம் நாட்டுப் பழைய குருகுலங்களை நினைவூட்டும் வாழ்க்கை அது. 2004-இல் பூசான் நகரத்துக் குவாங்கல்லிக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டியைக் காண ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடினர் என்று கூறுவர்.

இத்தகைய ஏற்பாட்டுக்கு எதிரே, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிப் பாடம் முடிந்த பின் தம் அறையில் தனியே அமர்ந்து ஆடிய பிள்ளைகள் எவ்வாறு நிற்பர்? நின்றாரில்லை. ஆண்டுதோறும் வந்தனர், தோற்றனர், திரும்பினர். உலகம் இரண்டாகப் பிரிந்தது: ஒரு பக்கம் கொரியர், மறுபக்கம் "அயலார்".

இந்த "அயலார்" என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கொரியாவுக்குச் சென்றவரை மட்டும் அவ்வாறு அழைத்திருந்தால் குற்றமில்லை. ஸ்வீடன் தேசத்து இளைஞன் ஸ்வீடனிலேயே, தன் மக்கள் முன்னிலையில் ஆடினாலும் அவனும் அயலான்தான். அவனை அப்படி அழைத்தவர்களும் கொரியர் மட்டும் அல்லர். ஐரோப்பியரும் அமெரிக்கருமே தம்மைத் தாமே அவ்வாறு அழைத்துக்கொண்டனர்! சொந்த மண்ணில் நின்றுகொண்டு, தம்மை அயலார் என்று தாமே சொல்லிக்கொள்ளும்படி ஒரு நாட்டின் திறமை உலகத்தை ஆண்டது. எந்தத் துறையிலும் இதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை.

மூன்று கட்சிகள்

இனி வழக்குக்கு வருவோம். நம் சங்கங்களில் பட்டிமன்றம் நடத்துவது போல, இவ்வழக்கிலும் மூன்று கட்சிகள் உண்டு.

முதற் கட்சியார் முன்னிறுத்துபவர் கியோம் பாட்ரி. கனடா தேசத்துக் கியுபெக் மாகாணத்தவர். 1999-இல், இருபது வயது நிரம்பும் முன்பே, தனியாகக் கொரியாவுக்குக் கப்பலேறியவர் என்று சொல்லத் தோன்றுகிறது. விமானத்தில்தான் சென்றார், ஆனால் துணிவு கப்பலேறியோரின் துணிவே. மொழி தெரியாது, உணவு புதிது. 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பெருமைமிக்க தொலைக்காட்சித் தொடர்ப்போட்டியில் அவர் பட்டம் வென்றார். அதன்பின் அத்தொடரில் வேறெந்த அயலாரும் பட்டம் பெறவேயில்லை. ஆட்டத்தை விட்ட பின்பும் அவர் கொரியாவை விடவில்லை. அம்மொழியைக் கற்று, அந்நாட்டுத் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியிலும் கனடாவின் சார்பில் பங்குபெற்றார்.

இக்கட்சியின் வாதம் இதுதான்: "கோட்டைக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் பலர். கோட்டைக்குள் புகுந்து கொடி நாட்டியவர் இவர் ஒருவரே." மறுப்போர் ஒன்று கூறுவர்: 2000-இல் அந்தக் கோட்டை இன்னும் கட்டி முடியவில்லை, பயிற்சி வீடுகளும் பெரிய அணிகளும் முழு வலிமை பெற்றது அதன் பின்னரே. மறுப்பில் நியாயம் உண்டு.

இரண்டாம் கட்சியார் ஒருவரைக் காட்டுவதில்லை. இருண்ட காலத்தில் விளக்கேற்றிய சிலரைக் காட்டுகின்றனர். இரண்டாம் பாகம் வந்த தொடக்கத்தில் பிரெஞ்சு இளைஞர் இல்யேஸ் சாத்தூரி, ஸ்டெஃபானோ என்ற ஆட்டப் பெயரோடு, 2011-இலும் 2012-இலும் கொரியர் கலந்துகொண்ட பெரும் போட்டிகளில் பட்டம் வென்றார். 2016-இல் அமெரிக்கரான அலெக்ஸ் சண்டர்ஹாஃப்ட், நீப் என்பது ஆட்டப் பெயர், கொரிய மண்ணிலேயே கெஸ்பா கோப்பையை வென்றார். பாட்ரியின் வெற்றிக்குப் பின் கொரியாவில் அத்தகைய வெற்றியைக் காணப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

இவர்களோடு வைத்து எண்ணத்தக்கவர் ஸ்கார்லெட் என்னும் கனடியப் பெண்மணி சாஷா ஹோஸ்டின். 2018 பிப்ரவரியில், பனிக்கால ஒலிம்பிக் விழாவை ஒட்டிப் பியோங்சாங்கில் நடந்த போட்டியில், இருமுறை உலகப் பட்டம் பெற்ற கொரியர் சோஸ் என்பவரை இறுதியாட்டத்தில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். ஆடவரே நிறைந்த அரங்கில், அதுவும் கொரியாவில், இவ்வெற்றியின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

"வெற்றியை எண்ணாதீர், எந்தக் காலத்தில் எவர் எதிரில் பெற்ற வெற்றி என்று பாருங்கள்" என்பது இக்கட்சியின் வாதம். இதற்கும் விடை உண்டு. ஒரு முறை மின்னுவது வேறு; நிலைத்து ஒளிர்வது வேறு. இவர்களுள் எவரும் ஆண்டிறுதி உலகப் பட்டத்தைப் பெற்றாரில்லை.

பின்லாந்து இளைஞர்

மூன்றாம் கட்சியார் ஒரே பெயரை உரைத்து அமர்ந்துவிடுகின்றனர். அப்பெயர் செரல். இயற்பெயர் யோனா சோதலா, பின்லாந்து நாட்டவர். 1998 மார்ச்சு 22-இல் பிறந்தவர். ஸ்டார்கிராஃப்ட் வெளிவந்தது அதே மாதம் 31-ஆம் நாள் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஆட்டத்தைவிட ஒன்பது நாள் மூத்தவர் இவர்! பள்ளிப் படிப்பை முடித்த பின்னரே முழுநேர ஆட்டக்காரரானார் என்பதைப் பெற்றோர்கள் தம் பிள்ளைகளுக்குச் சற்று உரக்கப் படித்துக் காட்டலாம்.

2018-ஆம் ஆண்டு இவருடைய ஆண்டு. கொரியர் அல்லாதாருக்கென நடந்த லைப்சிக், ஆஸ்டின், வலென்சியா, மான்ட்ரியல் என்னும் நான்கு போட்டிகளிலும் இவரே வென்றார். "இவை நம்மவருக்குள்ளே நடந்தவைதாமே" என்று கூறினோர் உண்டு. ஆகஸ்டில் சியோல் நகரில் கொரியரும் உலகத்தாரும் மோதிய போட்டியின் இறுதியில் ஸ்டாட்ஸ் என்னும் கிம் தே-யோப்பை நான்குக்கு மூன்று எனத் தோற்கடித்தார். நவம்பரில் கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் ஆண்டிறுதி உலகப் போட்டி நடந்தது. 2012 முதல் 2017 வரை ஆறு ஆண்டுகளிலும் அப்பட்டம் கொரியருக்கே சென்றிருந்தது. இறுதியில் மீண்டும் ஸ்டாட்ஸ். மீண்டும் வெற்றி, நான்குக்கு இரண்டு. பரிசு 2,80,000 டாலர். கொரியர் அல்லாத ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

இவருடைய ஆட்டத்தில் ஆரவாரம் இல்லை. ஒற்றறிந்து, வருவதை முன்கூட்டியே உணர்ந்து, வேண்டிய அளவு மட்டுமே படை நிறுத்தி, எஞ்சிய பொருளையெல்லாம் வளர்ச்சிக்கு இடுவார். எதிரி பாய்ந்து பாய்ந்து களைப்பான். இவர் முகத்தில் வெற்றியின் குறியும் தோன்றாது, தோல்வியின் குறியும் தோன்றாது. கடைசியில் பார்த்தால் எதிரியின் களஞ்சியம் வெறுமையாகவும் இவருடைய களஞ்சியம் நிறைந்தும் இருக்கும். சிக்கனமாகக் குடித்தனம் செய்யும் இல்லத்தரசியின் திறமை இது என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. போலந்து நாட்டுக் கதோவிட்சே நகரின் பெரும் போட்டியில் 2022-இல் இத்தாலியரான ரெய்னரை நான்குக்கு மூன்று என வென்றார். 2024-இல் அதே போட்டியின் இறுதியில் கொரியாவின் பெருவீரர் மாருவை நான்குக்குச் சுழி என வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரியாத் நகரின் உலகக் கோப்பை இறுதியில் பிரெஞ்சு இளைஞர் கிளெம் இவரை ஐந்துக்குச் சுழி என வீழ்த்தினார். அத்துடன் முடிந்தது என்று பலர் எண்ணினர். 2025-இல் அக்கோப்பையையும் வென்று காட்டினார்.

எதிர்வாதம்

இவ்வளவு சான்று இருந்தும் வழக்கு முடியாததற்குக் காரணம் என்ன? வலிமையான எதிர்வாதங்கள் இரண்டு உள்ளன.

ஒன்று: கொரியாவே தளர்ந்த பின் பெற்ற வெற்றி இது என்பது. 2010-இல் ஆட்டக்காரர் சிலர் கைக்கூலி பெற்று வேண்டுமென்றே தோற்ற ஊழல் வெளிப்பட்டது. பின்னர் இளைஞர் உள்ளம் வேறு ஆட்டங்களின்பால் சென்றது. 2016-இல் கொரியாவின் அணித் தொடர்ப்போட்டி நிறுத்தப்பட்டது; பல அணிகள் கலைந்தன. பயிற்சி வீடுகள் மூடப்பட்டால் புதிய ஆட்டக்காரர் எங்கிருந்து வருவர்? இருக்கும் ஆடவரும் கட்டாய இராணுவப் பணிக்குச் செல்ல வேண்டும். "வற்றிய ஏரியில் மீன் பிடித்தவரை வலைஞர் வேந்தர் என்பதா?" என்று கேட்கின்றனர்.

இரண்டு: வேலிக்குள் வளர்ந்தவர் என்பது. முன்பு ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்கென வகுத்த போட்டிகளிலும் கொரியர் வந்து பரிசுகளை அள்ளிச் சென்றனர். ஆகவே 2015-இல் வசிப்பிட விதி வந்தது. 2016 முதல் கொரியாவில் வசிப்போர் புகாத தனிச் சுற்று அமைந்தது. அந்தப் பாதுகாப்பு இல்லையெனில் செரல் தோன்றியிரார் என்பர். மேலும், கொரியாவில் தங்கி அந்நாட்டுப் பருவத் தொடர்ப்போட்டியின் பட்டத்தை அவர் வென்றதில்லை.

முதல் வாதத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஏரி வற்றியது மெய். ஆனால் பெரிய மீன்கள் அங்கேயே இருந்தன. 2018-இல் மாரு கொரியாவின் மூன்று பருவப் பட்டங்களையும் ஒருங்கே வென்று தம் ஆற்றலின் உச்சியில் நின்றார். ஸ்டாட்ஸ், டார்க், ரோக் முதலியோர் பயிற்சி வீடுகளில் வளர்ந்த தலைமுறையினர். செரல் வென்றது இத்தலைமுறையை. முதியோர் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் அவர் புகவில்லை.

இரண்டாம் வாதமோ, உற்று நோக்கினால், செரலுக்கே சாதகமாகிறது. நாற்றங்காலுக்கு வேலி இடுவது உழவனின் குற்றமா? ஆடு மேய்ந்துவிட்டால் பயிர் ஏது? கொரியருக்குப் பயிற்சி வீடும் தொலைக்காட்சியும் நிறுவனங்களின் பொருளும் வேலியாக நின்றனவே! அயலாருக்கு அவ்வேலி பதினைந்து ஆண்டு தாழ்ந்து கிடைத்தது. கிடைத்த இரண்டு ஆண்டுகளில் பயிர் தலைதூக்கியது. திறமை ஓர் இனத்தாரின் பிறவிச் சொத்து என்று எண்ணியிருந்தோர்க்கு இதுவே விடை. 2021-இல் ரெய்னரும், 2023-இல் சீனரான ஒலிவேராவும் கதோவிட்சேப் போட்டியின் பட்டம் பெற்றதும் அதனையே உறுதிசெய்கின்றன. ஒலிவேரா இறுதியில் வென்றது மாருவை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தீர்ப்பு

ஆகவே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். முதல் வழி திறந்தவர் என்ற நன்றிக்குரியவர் பாட்ரி. இடையிருளில் விளக்குப் பிடித்தோர் ஸ்டெஃபானோ, நீப், ஸ்கார்லெட். திறமையையும் நிலைபேற்றையும் ஒருங்கே வைத்து அளந்தால், கொரியர் அல்லாதாருள் முதல்வர் செரல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தீர்ப்பைக் கூறியவுடன் வினாவே பழுதுபட்டுப் போகிறது. 2018-க்கு முன் "கொரியர் அல்லாதாருள் முதல்வர்" என்பது ஒரு பட்டம். ஆறுதல் பரிசு போன்ற பட்டம். செரலுக்கு அப்பட்டத்தைச் சூட்டுவது அவரைக் குறைத்துக் கூறுவதாகும். அவரை மாருவோடும் ரோக்கோடும் ஒரே தராசில் நிறுத்து, "எல்லோருள்ளும் முதல்வர் யார்?" என்றுதான் இனி வழக்காட வேண்டும். அவ்வாறே பலரும் வழக்காடுகின்றனர்.

சதுரங்கத்தில் இதுபோன்ற ஒரு காலம் இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1970-இல் பெல்கிரேடில் சோவியத் யூனியனும் எஞ்சிய உலகமும் எதிரெதிரே அமர்ந்து ஆடின. உலகம் முழுவதும் ஒரு கட்சி, ஒரு நாடு மறுகட்சி! இருபதரைக்குப் பத்தொன்பதரை என்ற கணக்கில் அந்த ஒரு நாடே வென்றது. அன்று "சோவியத்தார் அல்லாதாருள் யார் சிறந்தவர், லார்சனா, ஃபிஷரா?" என்பது பெரிய வழக்கு. இரண்டே ஆண்டில் ஃபிஷர் உலகப் பட்டம் வென்றார். அந்த அடைமொழி அவரை விட்டு உதிர்ந்தது. 2007-இல் மெக்சிகோ நகரில் சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் பட்டம் வென்றபோது, "சோவியத்தார் அல்லாதவர்" என்று எவரும் அவரைக் குறிப்பிட நினைக்கவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் சிந்திக்க ஒன்றுண்டு. "வெளியூர்க்காரர்களுக்குள் இவர் கெட்டிக்காரர்" என்று அலுவலகத்திலோ அக்கம்பக்கத்திலோ நம்மைப் புகழ்ந்தவர் இல்லாமலில்லை. அது பாராட்டுத்தான், ஆனால் வேலியிட்ட பாராட்டு. அதைக் கேட்டுச் சினந்து பயனில்லை. அதனையே பெரிதென மகிழ்ந்து அமர்வதிலும் பயனில்லை. பின்லாந்து இளைஞர் அந்த அடைமொழியை எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. ஆடினார், அடைமொழி தானே உதிர்ந்தது.

இன்றிரவு பிள்ளையின் அறையில் விளக்கு எரிந்தால், உடனே அணைக்கச் சொல்ல வேண்டாம். அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, "செரல் ஆடுகிறாரா? எதிரே யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை திகைத்துப் போகும். பிறகு அரைமணி நேரம் உங்களுக்கு விளக்கிச் சொல்லும். அதற்குப் பின் விளக்கை அணைத்துக்கொள்ளலாம்.